வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவில்பட்டியில் கணினி மையம் நடத்துகிறேன். அதற்கு முன் இணையதளம் செய்யும் வேலையில் இருந்தவன். கட்டணம் கட்ட வருகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். தளத்தின் லோகோ, தலைப்பு எல்லாம் இருக்கும். பணம் கட்டும் பக்கம் வர வேண்டிய நடுப்பெட்டி மட்டும் வெறிச்சென்று கிடக்கும். சில நேரம் குரோம் சாம்பல் நிறத்தில் ஓர் அழுமூஞ்சியைக் காட்டும். "பணம் போயிருச்சா தம்பி?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால் என்ன சொல்வது? சிலர் அவசரப்பட்டு மறுபடியும் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டிதான் ஐஃப்ரேம். ஒரு தளத்துக்குள் திறக்கும் இன்னொரு தளத்தின் பக்கம். அது வராமல் போனாலும் வெளியே இருக்கும் தளத்துக்குத் தெரியாது. படம் வராவிட்டால் 'எர்ரர்' என்று சொல்லும் பிரவுசர், ஐஃப்ரேமுக்குப் பிழைப் பக்கம் வந்தாலும் 'லோடு' ஆகிவிட்டது என்றே சொல்லும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வங்கிகள் தங்கள் பக்கத்தை வேறு தளத்துக்குள் திறக்க விடாமல் தடுப்பதும் நியாயம்தான், போலித் தளக்காரர்கள் அதை வைத்து ஏமாற்றுவார்களே.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. உள்ளே வரும் பக்கம் 'வந்துவிட்டேன்' என்று வெளிப்பக்கத்துக்கு ஒரு போஸ்ட்மெசேஜ் (பக்கங்கள் தங்களுக்குள் அனுப்பும் குறுஞ்செய்தி) அனுப்ப, பேமெண்ட் நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்யலாம். பதினைந்து விநாடிக்குள் அது வராவிட்டால், "பக்கம் திறக்கவில்லை. மறுபடி கட்டும் முன் வங்கிக் கணக்கைப் பாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி, கூடவே தனிப் பக்கத்தில் திறக்க ஒரு பட்டன். அவ்வளவுதான்.

செயலிகளிலும் வெப்வியூவில், அதாவது செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதியில், இதே தொல்லை உண்டு. செயலி செய்பவர்கள் நெட் இல்லாததை மட்டும் பிழையாகக் கவனித்து, சர்வர் தன் பக்கம் கோளாறு என்பதற்கு 500 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவதை விட்டுவிடுகிறார்கள். அதைக் கவனிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 6-லேயே வந்துவிட்டது. தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழில் பிழையென்றால், நிரலில் 'ப்ரொசீட்' (பரவாயில்லை, மேலே போ) போட்டுத் தாண்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்; அது வெள்ளைப் பக்கத்தைவிட ஆபத்து.

தளம் செய்யும் வேலையை வெளியே கொடுக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்படைக்கும் நாளில், பேமெண்ட் பக்கத்தின் முகவரியை மட்டும் தடுத்துவிட்டுத் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அதற்கான வசதி குரோமிலேயே இருக்கிறது. பெட்டி காலியாக இருந்தால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்துபவர்,
கோவில்பட்டி