குத்துகிற கையும் குத்து வாங்குகிற கையும்

சென்னிமலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் டயாலிசிஸ் என்பது சரி, ஊசியையும் நானே குத்திக்கொள்வானேன் என்று கேட்டிருந்தாய். பயிற்சி தந்த நர்சம்மாவிடம் நானும் இதையே கேட்டேன். "குத்துகிற கையும் குத்து வாங்குகிற கையும் உங்களுடையதுதானுங்க, ஊசி எங்கே போகிறதென்று எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்" என்றார்.

இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து, டயாலிசிஸ் ஊசி போட ஃபிஸ்டுலா என்னும் வழி வைத்தபின், அந்தச் சிரை தடித்து ஊசி தாங்க இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. விரல் வைத்தால், ஓடும் விசைத்தறியைத் தொட்டாற்போல் அதிரும். அதிர்வு நின்றால் அடைத்துக்கொண்டதென்று பொருள் என்பதால், காலையில் கண் விழித்ததும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

ஊசி நுனியின் சாய்வாக வெட்டிய வாயை மேல்நோக்கி வைத்து, ஏறத்தாழ 25 டிகிரி சாய்வில் நுழைக்க வேண்டும். சிரையின் சுவர் விட்டுக்கொடுப்பது விரலுக்குத் தெரிந்து, குழாயில் ரத்தம் துள்ளி ஏறியதும், சாய்வைத் தாழ்த்திப் படுக்கைவாக்கில் செலுத்த வேண்டும். மூன்றாம் நாள் நான் தாழ்த்த மறந்து பின்சுவரையும் துளைத்துவிட்டேன். எலுமிச்சை அளவு வீங்கிற்று. ஐஸ் வைத்து, அன்று வேறு இடத்தில் நர்சம்மாவே போட்டார். அந்த நீலம் முழங்கை வரை பரவி மறையப் பத்து நாளாயிற்று. வலியைவிடத் தயக்கம்தான் கெடுதல். பாதியில் நின்று யோசிக்கும் ஊசிதான் வலிக்கிறது.

இன்னொரு சங்கடம், வேலைக்கு இருப்பது ஒரே கை. பிளாஸ்டரைக்கூடக் கிழிக்க முடியாது. அம்மணி முன்னதாகவே துண்டுகளாக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துவிடுகிறாள். தறியில் அறுந்த பாவு இழைகளைப் பிணைத்த விரல்கள் இங்கேயும் கைகொடுக்கின்றன என்று வைத்துக்கொள்.

ஒரே துளையில், ஒரே சாய்வில் போட்டுப் போட்டுப் பாதை உண்டாக்கி, பிறகு மழுங்கிய ஊசி செருகும் முறையும் உண்டு. வலி குறைவாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பொருக்கை அகற்ற வேண்டும், கிருமி நுழைய வாய்ப்பும் அதிகம். எனவே இடம் மாற்றி மாற்றியே போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊசி. அதற்குள் வந்துவிடு, உனக்கு முழு டம்ளர் காப்பி, எனக்குக் கால் டம்ளர்.

அன்புடன்,
உன் பழைய தறிக்காரன்