குளத்துக் கரையையும் கணக்கில் சேருங்கள்

தாமிரபரணிக் கரையில் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 17 ராத்திரி செல்போனில் ஒரு எச்சரிக்கை வந்தது: தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும். பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏய்யா, நம்ம தெரு தாழ்வா, மேடா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. விடிந்தபோது அவர் வீட்டு வாசற்படி மூன்றும் தண்ணீருக்குள் இருந்தன.

பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் எத்தனை கன அடி திறந்தார்கள் என்றுதான் அன்று எல்லாரும் விசாரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் மழை அணைக்குக் கீழேயும் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. குளங்கள் வரிசையாக உடைந்தன. கன அடிக் கணக்கில் இதெல்லாம் எங்கே வருகிறது?

இதையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் உருவான 'அனுகா' இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. நிலத்தை முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ஆழம், வேகம், திசையை நொடிக்கு நொடி கணக்கிடும். முக்கோணத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 4 மடங்கு. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் உள்ள நேர இடைவெளியும் பாதியாக வேண்டும், ஆக வேலை 8 மடங்கு. தெரு தெரிகிற அளவுக்குப் போனால் ஒற்றை கம்ப்யூட்டர் வெள்ளம் வடிந்தபிறகுதான் விடை சொல்லும். அதனால் நிலப்படத்தைத் துண்டு போட்டு நூற்றுக்கணக்கான ப்ராசஸர்களுக்குப் பங்கு வைக்கிறார்கள். அவரவர் துண்டை அவரவர் பார்த்துக்கொண்டு, எல்லையில் நீர்மட்டமும் ஓட்டமும் என்ன என்பதை மட்டும் பக்கத்துத் துண்டுக்குச் சொல்ல வேண்டும். மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்கு ஆள் அனுப்புகிற அதே ஏற்பாடுதான். (பேச்சு கூடினால் வேலை படுத்துவிடும், ப்ராசஸர்களுக்கும் அப்படித்தான்.)

எந்திரத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இலேயே 838 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

இல்லாதது அளவுதான். செயற்கைக்கோள் தரும் 30 மீட்டர் கட்டத்து உயரப் படத்தில் நாலடி, ஐந்தடி அகலக் கரை மங்கிப்போகும். அங்கே கரையே இல்லையென்று நினைத்து மென்பொருள் தண்ணீரை நேராக நடத்திக்கொண்டு போய்விடும். கரை எவ்வளவு உயரம், மறுகால் எந்த மட்டத்தில் பாயும், கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது என்று குளம் குளமாக அளந்து, அந்த அளவுகளை எல்லாரும் எடுக்கும்படி வெளியிடுங்கள். இந்த மழை பெய்தால், இந்தக் குளம் உடைந்தால் என்று நூறு விதமாக ஐப்பசிக்கு முன்பே ஓட்டிப் பார்த்துத் தெருவாரியாகப் படம் போட்டுவிடலாம்.

அளவெடுக்க ஆள் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். உயரம் அளக்கிற கோலான லெவல் ஸ்டாஃபை ஆடாமல் பிடிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
கொக்கிரகுளத்திலிருந்து ஒரு மென்பொருள்காரன்