தப்புக்காரர்களின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில், நம் மலையகத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்தைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ரதி, மதன் வேடம் கட்டியவர்களின் படங்கள் அழகாக வந்திருந்தன. ஆனால் படத்தின் ஓரத்தில் தப்பு என்ற தோற்பறையோடு நின்ற 3 தப்புக்காரர்களுக்குப் பெயரில்லை. ‘பின்னணியில் தப்பு முழங்க’ என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிட்டது. என் தகப்பனாரும் மாசிக்கு மாசி அந்த ஓரத்தில் நின்றவர்தான்.

நான் மஸ்கெலியாப் பக்கம் தோட்டப் பாடசாலையில் 26 ஆண்டுகள் நடனம் கற்பித்து ஓய்வு பெற்றவள். போன மாதம் கொழும்பில் வேலை செய்யும் மகள் ஓர் இசைத்தொகுப்பைக் கைத்தொலைபேசியில் ஏற்றித் தந்தாள். ஜாஸ் பியானோக் கலைஞர் அந்தனி டேவிஸ், எபிஸ்டமி என்ற தன் குழுவோடு 1983இல் தந்த ‘ஹெமிஸ்பியர்ஸ்’. மொலிசா ஃபென்லி என்ற அமெரிக்க நவீன நடனக் கலைஞரின் ஆட்டத்துக்காகவே அமைத்த இசை அது. (டேவிஸ் 2020இல் தன் இசை நாடகம் ஒன்றுக்குப் புலிட்சர் பரிசு பெற்றவர்.)

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. ஆளுக்கொரு கணக்கில் போகிறார்களே என்றிருந்தது. மூன்றாம் முறை கேட்டபோது காலால் தட்டிப் பார்த்தேன். ஒரு சிறு சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. நீளம் வேறான இன்னொரு சுற்று அதன்மேல் ஏறுகிறது. இரண்டும் விலகிப் போய் ஓரிடத்தில் ஒன்றாக விழுகின்றன. பாலித் தீவின் கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழு இசையில் டேவிஸுக்கு இருந்த ஈடுபாடே இதற்குக் காரணம் என்றாள் மகள். எனக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து முற்றம்தான் நினைவுக்கு வந்தது. அப்பா ஒரு கணக்கில் நிற்பார், சித்தப்பா அதை வெட்டிக்கொண்டு போவார், ரதியின் கால் மண்ணில் விழும் இடத்தில் இருவரும் சேர்வார்கள்.

அப்பா மிலாறு என்ற காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார். நெருப்பில் வாட்டி, நகத்தால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்பார். “இன்னும் ஈரம் இருக்கிறது” என்று மறுபடி வாட்டுவார். பனி இறங்கும் இரவில் இது நாலைந்து தடவை நடக்கும். ஆடுகிறவர் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கண் முழுவதும் காலில். கால் எழும்போதே தப்பின் அடி மாறிவிட வேண்டும் என்பார்.

ஒருமுறை பிள்ளைகளுக்குத் தப்போடு ஓர் ஆட்டம் பழக்கிப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். ‘சாவு வீட்டு வாத்தியம் மேடைக்கு வேண்டாம், பாட்டைப் போட்டு ஆடுங்கள்’ என்றார் ஒரு நடுவர். அப்பா தப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நம் பாட்டன் பாட்டியரை எழுப்பியதும், சாமியை அழைத்ததும், செத்தவரை வழியனுப்பியதும் இதே தப்புதானே. அன்று அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்று சொல்கிறேன்.

ஃபென்லியின் அந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் 40 ஆண்டுகள் கழித்து, எங்கோ மலையில் இருக்கும் எனக்கு, இசையைக் கேட்கும்போதே ஓயாமல் ஓடும் கால்கள் தெரிகின்றன. ஆட்டம் இல்லாமலும் அந்த இசை நிற்கிறது. நம்மிடமோ கூத்தின் படங்கள் இருக்கின்றன, அடி இல்லை.

ஆகவே ஐயா, வரும் மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நடும் தோட்டங்களுக்குப் படம் பிடிப்பவரை அனுப்பும்போது ஒலிப்பதிவு செய்பவரையும் அனுப்புங்கள். தூதன் வரும் அடி, ரதி இறங்கும் அடி, வீரபத்திரன் ஆவேசமாக வரும் அடி எல்லாவற்றையும் ஆட்டத்தோடு ஒருமுறை, தனியே ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். எங்கள் டிவிஷனில் இவையனைத்தும் தெரிந்தவர் இப்போது ஒருவரே. வயது 78. இடது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவரிடம் பேசிவிட்டேன், வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். நீங்கள் படம் போடும்போது அவர் பெயரையும் கீழே போடுங்கள்.

ஓய்வுபெற்ற நடன ஆசிரியை,
மஸ்கெலியா.