மைதானத்துக்குப் பக்கத்தில்

கண்ணா கதிர்,

புவனோஸ் ஐரிஸில் ஆபீஸ் வேலை முடிந்த கையோடு ரிவர் பிளேட் மைதானத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். போய்ப் பார். 1978 ஜூன் 25 அன்று அர்ஜென்டினா வீரர் கெம்பெஸ் இரண்டு கோல் போட, அர்ஜென்டினா நெதர்லாந்தை 3-1 என்று ஜெயித்து தன் முதல் கால்பந்து உலகக் கோப்பையை வாங்கிய இடம். அப்பா இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்.

கோப்பையை எடுத்துக் கொடுத்தவன் விடேலா, 1976-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி. போட்டியை நடத்தும் உரிமை அந்த நாட்டுக்கு 1966-லேயே கிடைத்துவிட்டது. கையில் வந்து விழுந்ததை அவன் விடுவானா? நாட்டில் எல்லாம் நலம் என்று உலகத்துக்குக் காட்ட, அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றைப் பணம் கொடுத்து அமர்த்தினார்கள்.

மைதானத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் எஸ்மா என்ற கடற்படைப் பள்ளி. ஆட்சிக்கு எதிரானவர்கள் என்று பிடித்த ஏறக்குறைய 5,000 பேரை அங்கே அடைத்து வதைத்தார்கள். பெரும்பாலோர் திரும்பவே இல்லை. கண்ணைக் கட்டிக் கிடந்தவர்களுக்கு மைதானத்து ஆரவாரம் கேட்டிருக்கிறது. ஜெயித்த இரவில் சில கைதிகளைக் காரில் ஏற்றி, தெருக் கொண்டாட்டத்தைக் காட்டவும் கூட்டிப்போனார்கள். அடித்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. ஊரே சிரிக்கிறது, உன்னைத் தேட ஆளில்லை என்று நம்ப வைப்பது.

ஆனால் தேடினார்கள். 1977 ஏப்ரலிலிருந்தே, இப்படிக் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். தலையில் வெள்ளைத் துணி. முதலில் கட்டியது தங்கள் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையில் இடுப்பில் சுற்றிய துணியையாம். அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோரை அந்த டிசம்பரிலேயே கடத்தி, எஸ்மாவில் வைத்திருந்து கொன்றார்கள். அப்படியும் போட்டி தொடங்கிய அன்று மற்றவர்கள் சதுக்கத்துக்கு வந்தார்கள். தொடக்க விழாவை விட்டுவிட்டு அங்கே வந்த நெதர்லாந்து தொலைக்காட்சிக்காரர்களிடம், நீங்கள்தான் எங்கள் கடைசி நம்பிக்கை என்று ஒரு தாய் கதறினார். அரசு ஊரைக் கூட்டியது தன் பெருமைக்கு. அந்தக் கூட்டத்தோடு வந்த கேமராவையே தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆடியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கெம்பெஸ் போட்ட கோல் கோல்தான்.

எஸ்மா இப்போது நினைவகம். மைதானம் பார்க்கிற அன்றே அங்கேயும் போய் வா. வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்குச் சதுக்கத்துக்குப் போனால் அந்தத் தாய்மார்களின் நடையைப் பார்க்கலாம். எல்லாரும் தள்ளாத வயதுக்காரர்கள். தள்ளி நின்று படம் எடுக்காதே. கூட நட.

அன்புடன்,
அம்மா