மாத்திரை அட்டையில் அளவு தெரியும்படி கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ கோளாறில் மேலறை சுருங்காமல் படபடத்துக்கொண்டே இருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை. ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

நம் ஊரில் பலரும் எடுப்பது அசினோகூமரால். 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. கடையில் அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை தரும்போது பெயரும் மி.கி.யும் அச்சான பகுதி பல நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. பழைய 1 மி.கி.யும் புதிய 4 மி.கி.யும் வீட்டில் ஒரே டப்பாவில் கிடந்தால், தெரியாமலே நான்கு மடங்கு விழுங்க நேரும். மருந்துக் கடைக்காரர்கள் இந்த மாத்திரையை மட்டுமாவது முழு அட்டையாகத் தர வேண்டும்; முடியாவிட்டால் உறையில் பெயரும் மி.கி.யும் எழுதித் தர வேண்டும்.

இதை மாலையில் எடுப்பது நல்லது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் காலையில் செய்தால், முடிவு வந்ததும் அன்றைய அளவையே மருத்துவர் மாற்றலாம். பெரும்பாலானவர்களுக்கு ஐ.என்.ஆர். 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். ஒரு வேளை மறந்து, அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை விலக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் அளவைக் குலைக்கும்.

பெரிய ஆபத்து மூட்டுவலி மாத்திரையில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் மூன்றும் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், கிருமித் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், தொடங்கிய 3 முதல் 5 நாளில் மறுபடி பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி வேண்டாம்; தசைக்குள் ரத்தம் கட்டும்.

அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ரிவராக்சபான் 20 மி.கி.யை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராது. ஏகாதசி, சஷ்டி என்று இரவுச் சாப்பாட்டை விடுபவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு, மாத்திரையைச் சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டாபிகட்ரான் கேப்சூலைப் பிரித்துத் தூளை விழுங்கக் கூடாது, வாராந்திர டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது, ஈரம் கெடுத்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தால் இவை உடலில் தங்கிவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் பார்க்க வேண்டும். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் உலோக வால்வு வைத்தவர்களும் தாமாகப் புதிய மாத்திரைக்கு மாறவே கூடாது. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டவர்களிடையே ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

பல் பிடுங்குவதற்காகத் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பல் மருத்துவரிடம் சொன்னால் போதும். மலம் தார்போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

— மருந்தாளுநர்கள் இருவர், மதுரை