வரைபடத்தில் இல்லாத 2023

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபிளாஷ் மெமரி (மின்சாரம் போனாலும் தகவலைச் சேமித்து வைக்கும் சிப்) தயாரிக்கும் நிறுவனங்களில் முதலீடு செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் இந்தச் சிப்பால் ஆன எஸ்.எஸ்.டி. சேமிப்புக் கருவிகளை எப்படி அள்ளிக்கொண்டு போகின்றன என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். கூடவே போட்டிருந்த, கியோக்சியா, சான்டிஸ்க் என்ற இரண்டு ஃபிளாஷ் நிறுவனங்களின் பங்கு விலை வரைபடங்கள்தான் கவலை தருகின்றன.

கியோக்சியா டோக்கியோ சந்தையில் பட்டியலானது 2024 டிசம்பரில். சான்டிஸ்க், வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்து மறுபடி தனிப் பங்காக வந்தது 2025 பிப்ரவரியில். ஆக, 2023இல் ஃபிளாஷ் விலை அதலபாதாளத்துக்குப் போனது இந்த இரண்டு படங்களிலுமே இல்லை. சான்டிஸ்க்கின் அடி அப்போது வெஸ்டர்ன் டிஜிட்டலின் கணக்குக்குள் இருந்தது. கியோக்சியா சந்தைக்கே வரவில்லை. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் நஷ்டம் 24,000 கோடி யென்னுக்கு மேல்.

இது ஏதோ ஒரு வருடத்து விபத்து அல்ல. சாம்சங் சிப்புக்கும் கியோக்சியா சிப்புக்கும் வாங்குகிறவர் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறார். விலை ஏறினால் எல்லோரும் ஒரே நேரத்தில் உற்பத்தியைக் கூட்டுகிறார்கள். சரக்கு வந்து குவியும்போது கிராக்கி தணிந்திருக்கும். அத்தனை பணம் கொட்டிக் கட்டிய ஆலையைச் சும்மா போட்டுவைக்கவும் முடியாது. அடக்க விலைக்குக் கீழேயும் விற்கிறார்கள். இன்டெலே இந்தத் தொழிலை எஸ்கே ஹைனிக்ஸுக்கு 900 கோடி டாலருக்கு விற்றுவிட்டு விலக 2020இல் ஒப்பந்தம் போட்டது.

'பி.இ. விகிதம் குறைவு, அதனால் பங்கு மலிவு' என்ற வரியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பி.இ. என்பது பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண். அமெரிக்க மெமரி சிப் நிறுவனமான மைக்ரானை எடுத்துக்கொள்வோம். அதற்கு டிராம்தான் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகச் சிப்) பெரிய வருமானம் என்றாலும் ஃபிளாஷும் அதே சுழற்சியில்தான் ஓடுகிறது. 2022 நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 870 கோடி டாலர். ஆனால் அந்த ஜனவரியில் 90 டாலருக்கு மேல் இருந்த பங்கு, டிசம்பர் கடைசியில் 50 டாலர். அடுத்த நிதியாண்டில் சுமார் 580 கோடி டாலர் நஷ்டம். 2023 முடியும்போது பங்கு 85 டாலர்! லாபம் உச்சத்தில் இருக்கும்போது பங்கு இறங்குகிறது, நஷ்டத்தின் நடுவில் ஏறுகிறது. உச்ச லாபத்தை வைத்து வகுத்தால் எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும். பி.எஃப். பணத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

அப்புறம் ஒன்று. அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் இந்தியர் இறந்துபோனால், 60,000 டாலரைத் தாண்டும் அமெரிக்கச் சொத்துக்கு அங்கே எஸ்டேட் வரி உண்டு. கட்டுரையில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த கட்டுரையில் மைக்ரான், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டின் லாப நஷ்டத்தையாவது 2016 முதல் வருட வாரியாகப் போடுங்கள். நிறுவனங்களின் கையிருப்புச் சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது, புதிய ஆலைகளுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், சந்தை ஆய்வு நிறுவனமான டிரெண்ட்ஃபோர்ஸ் வெளியிடும் சிப் ஒப்பந்த விலை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை