வாசகர் படங்களோடு வர வேண்டிய விவரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசகர்கள் எடுத்த புகைப்படங்களுக்கு நாளிதழ்கள் இடம் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் அப்படி வரும் படங்களில் பல, அச்சில் கறுத்துப்போய், விளிம்பெல்லாம் பிசிறடித்து, ‘இயற்கையின் எழில்’ என்பதுபோன்ற எந்தப் படத்துக்கும் பொருந்தும் தலைப்போடு நிற்கின்றன. எடுத்தவரின் கணினியில் அதே படம் தெளிவாகவே இருந்திருக்கும். அனுப்பும் வழியிலும் அச்சிலும் அது எப்படிக் கெடுகிறது, அதைத் தவிர்க்க நாளிதழ் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லவே இக்கடிதம்.

தொழிலாகப் படம் எடுப்பவருக்கு வாடிக்கையாளர் இருக்கிறார். படம் சரியில்லை என்றால் அவரே சொல்லிவிடுவார். பொழுதுபோக்காக எடுப்பவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அவர் படத்தை நாலு பேருக்குக் காட்டுவது பாராட்டுக்காக மட்டுமல்ல, குறை எங்கே என்று தெரிந்துகொள்ளவும்தான். ஆனால் படத்தை மட்டும் பார்த்துக் குறையைச் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு பறவைப் படம் தெளிவாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், 1/30 நொடி என்றால் பெரும்பாலும் கை நடுக்கம்தான் காரணம். கையில் பிடித்து எடுக்கும்போது 1/200 நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். 1/500 நொடி வைத்தும் சிறகு மட்டும் கலங்கியிருந்தால் அது பறவையின் வேகம். பறவை மங்கி, பின்னாலிருக்கும் கிளை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. விவரம் இல்லாமல் காட்டப்படும் படத்துக்கு ‘அருமை’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பொழுதுபோக்குக்காரருக்கு ஒரு சலுகையும் உண்டு, பிறர் கழித்துவிடும் படத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்பது. பிரான்ஸின் ஜாக் ஆன்றி லார்டீக் சிறுவயது முதல் ஆல்பங்களில் படங்களைச் சேர்த்து வைத்தவர். பந்தயக் கார் ஒன்றின் சக்கரம் நீள்வட்டமாகச் சாய்ந்தும், பின்னணி மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் தெரியும் அவரது படம் இன்று உலகப் புகழ் பெற்றது. கேமராவைக் காரோடு திருப்பிக்கொண்டே எடுத்தபோது, ஒளியை உள்ளே விடும் ஷட்டரின் மெல்லிய பிளவு ஃபிலிமின் குறுக்கே மெதுவாக நகர்ந்ததால் வந்த சாய்வு அது. 1963-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இனி, படம் கெடும் இடங்கள். 24 மெகாபிக்ஸல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்ஸல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்ஸலாகச் சுருங்கும். மொத்த பிக்ஸல்களில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஷட்டர், லென்ஸ் விவரங்கள் பதிந்த எக்ஸிஃப் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. நாளிதழ் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 பிக்ஸல் போதும் என்பதால் 1600 பிக்ஸல் 8 அங்குல அகலத்துக்குத் தாங்கும் என்று வாதிடலாம். கணக்கு சரிதான். ஆனால் பக்க வடிவமைப்பாளர் பாதியை வெட்டினால் 4 அங்குலம்தான் மிஞ்சும். அதோடு, ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கம் கூடியபின் யாராவது வெளிச்சத்தை ஏற்றினால் அந்தக் கட்டங்கள் வானத்திலும் நிழலிலும் வெளியே தெரியும். மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழப்பு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது இதைவிட மோசம்.

தீர்வு எளிது. அதே வாட்ஸ்அப்பில் படத்தை ‘டாகுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பினாலும் சரி. ஜேபெக் தரம் 90, நீளப் பக்கம் 3000 பிக்ஸல் என்பது தாராளம். அளவைச் சுருக்கிய பிறகுதான் கூர்மை ஏற்ற வேண்டும், அதுவும் இலேசாக.

நிறத்தில் வரும் குழப்பம் வேறு வகை. நிறங்களை எண்களாகக் குறிக்கும் முறைகளில் (நிற வெளி) அடோபி ஆர்ஜிபியைக் கேமராவில் தேர்ந்தெடுத்தவர்கள், நிறக்குறிப்பு இல்லாமல் கோப்பை அனுப்பினால் அது பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி என்று வாசிக்கப்படும். சிவப்பும் பச்சையும் வெளிறிப்போகும். அனுப்பும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு. அச்சின் நான்கு மைகளுக்கு ஏற்ற நிற மாற்றத்தை மட்டும் அனுப்புபவர் செய்யக் கூடாது. உங்கள் அச்சகத்தின் காகிதமும் மையும் உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

கறுத்துப்போவதற்குக் காரணம் காகிதம். செய்தித்தாள் மையை உறிஞ்சி விரிக்கும். 50 சதவீதமாக இட்ட மைப்புள்ளி அச்சில் ஏறத்தாழ 75 சதவீதமாகப் பரவுவது இயல்பு. அதற்கான திருத்தம் அச்சகத்தில் செய்யப்பட்டாலும், அடர் நிழலில் இருக்கும் நுணுக்கம் மீளாது. முழுப் பிரகாசத்தில் வைத்த திரையில், இருட்டறையில் உட்கார்ந்து எடிட் செய்தவரின் படம் இன்னும் மோசமாகும். திரை பளிச்சென்று காட்டுவதால் அவர் படத்தை இருட்டாகவே விட்டிருப்பார்.

விவரங்களால் ஆசிரியர் குழுவுக்கும் ஆதாயம் உண்டு. கோபுரத்தின் பின்னால் பெரிய நிலா எழும் படம் வருகிறது. ஒட்டு வேலையா, நிஜமா? கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம், லென்ஸின் குவிய நீளத்தை (லென்ஸைக் குறிக்கும் மி.மீ. எண்ணை) 110ஆல் வகுத்தால் கிடைப்பது. 24 மி.மீ. லென்ஸில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. முழு அளவு சென்சாரின் 24 மி.மீ. உயரத்தில் வெறும் புள்ளி. 400 மி.மீ. லென்ஸில் 3.6 மி.மீ., அதாவது உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. வெட்டாத படத்தில் பாதி உயரத்துக்கு நிலா இருந்து, லென்ஸ் 24 மி.மீ. என்று எக்ஸிஃப் சொன்னால் அது ஒட்டியதேதான். ஒட்டுவது குற்றமல்ல, சொல்லாமல் விடுவதுதான் தவறு. மறுபுறம், ஒரு நொடி ஷட்டரில் அருவி பட்டாக வழிவது கேமராவிலேயே கிடைப்பது. விவரத்தைப் போட்டால் ‘கணினியில் செய்தது’ என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வெளியிடக் கூடாத விவரமும் ஒன்று உண்டு. செல்பேசிப் படத்தில் எடுத்த இடம் சில மீட்டர் துல்லியத்தில் பதிந்திருக்கலாம். பறவைக் கூடு, அரிய ஆர்க்கிட் மலர், குழந்தைகள் இருக்கும் வீடு ஆகிய படங்களில் இடக்குறிப்பை அனுப்புபவரே நீக்கிவிட வேண்டும். இணையப் பதிப்பில் ஏற்றும் முன் உங்கள் அலுவலகமும் ஒருமுறை பார்ப்பது நல்லது. கூடு தெரிந்துவிட்டால் கேமராக்கள் வரிசைகட்டும், தாய்ப்பறவை ஒதுங்கும்.

உரிமை பற்றி ஒரு சொல். பெயர் போட்டுவிட்டால் அனுமதி பெற்றதாக ஆகாது. அச்சுக்கு ஒருமுறையா, இணையப் பதிப்புக்கும் சேர்த்தா, பின்னாளில் வேறு கட்டுரைக்கும் எடுத்தாளலாமா என்பதைப் படம் கேட்கும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த அறிவிப்பில் இவற்றையும் சேர்க்க வேண்டுகிறோம்: கோப்பு டாகுமென்டாக வர வேண்டும், படத்தில் உள்ளது என்ன, எப்போது எடுத்தது, எதையாவது நீக்கியோ ஒட்டியோ இருந்தால் அது என்ன என்று இரண்டு வரி வேண்டும். படத்தின் கீழே எடுத்தவர் பெயருக்கு அடுத்து ‘400 மி.மீ., 1/500 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, முக்காலி’ என்று போட்டால் போதும் (எஃப் என்பது லென்ஸின் திறப்பு, ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்வு). சிறிய எழுத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாது.

இப்படிக்கு,
பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் சிலர்